வெறும் கொழுப்பு என்றவர்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் அவருடைய கொழுந்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் மடியில் ஆஸ்பத்திரிக் கவர் இருந்தது.

"உங்க அண்ணன் குடலை வெட்டித் தட்டுல வச்சுக் காட்னாங்களே, அன்னிக்கு நீ இன்னா சொன்னே தம்பி?"

முருகா, இதென்ன பேச்சு என்று திடுக்கிட்டேன்.

"சின்னக் கட்டிக்கு எதுக்கு இம்மாங் கொழுப்பை வெட்டினாங்கன்னு கேட்டேன் அண்ணி."

"அவருகிட்ட இன்னா சொன்னே?"

"தோல் பதனிடுற ஷாப்புல தினம் கொழுப்பைச் சீவித் தள்றவன் நானு. அது வெறும் கழிவு, கட்டி போய்ட்டுது, இனிமே டெஸ்ட்டு, மருந்து எதுவும் வேணாம்னேன்."

"அதைக் கேட்டுத்தான் ரெண்டு மாசமா ஆஸ்பத்திரிப் படி ஏறலை அவரு. இன்னிக்கு டாக்டர் சொன்னதைச் சொல்லு."

"மலக்குடலைச் சுத்தி இருக்கிற கொழுப்புக்குள்ளதான் நெறிக்கட்டிங்க இருக்குதாம். கேன்சரு மொதல்ல அங்கதான் பரவுமாம். அதான் கொழுப்போட சேத்து எடுத்தாங்களாம். வெட்டி எடுத்ததுல பயறாட்டம் பதினாலு நெறிக்கட்டி. மூணுல நோய் இருக்குது." தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரியாது அண்ணி."

"தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி."

அம்மா ஆஸ்பத்திரிக் கவரை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"நாளைக்கே மருந்து ஏத்தணுமாம். நீயே வந்து சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. உன் பேச்சைத்தான் கேப்பாரு."

ஆம்பூர் வந்தது. அம்மா எழுந்துவிட்டார். கொழுந்தனார் எழுந்திருக்கவில்லை. அண்ணனிடம் உண்மையைச் சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்கு எழ வேண்டும் முருகா என்று வேண்டிக்கொண்டே இறங்கினேன்.