ஐந்தாவது இதழ்

உலர்ந்த பூவைத் தாளில் ஒட்ட மாவுப் பசை ஆகாது, பூச்சி அரித்துவிடும். கருவேலம் பிசின்தான் நல்லது. பட்டணத்தில் ஒரு துரையின் செடி ஆராய்ச்சி ஆபீஸில் பதினெட்டு வருஷமாக எனக்கு அதுதான் வேலை, இன்ஸ்பெக்டர் ஐயா. அம்பத்தூரிலிருந்து காலை ரயிலில் போவேன். பக்கத்து வீட்டுக் கங்காதரனுக்கும் அங்கே நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் நீலகிரியின் உச்சிப் புல்வெளியில் ஒரு நீலப் பூவைப் பறித்தேன். நாலு இதழ் இருந்தது. ஒன்று உதிர்ந்திருக்கும் என்று, எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஐந்திதழ்ப் பூவின் பெயரை எழுதிவிட்டேன். துரை தம் புத்தகத்தில், அதை இனம் கண்டவன் என்று என் பெயரைப் போட்டார். என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தரம்தான்.

அடுத்த வருஷம் கங்காதரன் பூதக்கண்ணாடியோடு வந்து நின்றான்.

"அண்ணாத்தே, இது நீ சொன்ன பூ இல்ல. உதிர்ந்த அடையாளமே காணோம். நாலு இதழ்தான் கீது. நான் போய் ரெண்டு செடி எடுத்துகினு வரேன், துரை சந்தோசப்படுவாரு."

எங்கே பறித்தது என்று கேட்டான். தாளில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள் என்றேன். அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து இதழ் எண்ணுவது நிற்கவில்லை. ரயிலில் பெண்கள் தலையில் வைத்திருந்த பூவின் இதழைக்கூட எண்ணினேன். பயம்தான், வேறென்ன.

அன்று மாலையே தாளின் மூலையிலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, அடிவாரக் காட்டில் ஓடைக்கு மேற்கே உள்ள புல்தரை என்று வேறு சீட்டு எழுதி ஒட்டினேன். மழை விட்ட மாதத்தில் அங்கே தங்கியவர்களுக்கு மலைக்காய்ச்சல் நிச்சயம். அவனுக்கு அது தெரியாது. வழிக்கு இட்லி வாங்கிக் கொடுத்து ரயிலேற்றிவிட்டேன்.

பதினோரு நாள் தேடிவிட்டுக் காய்ச்சலோடு வந்தான். அவன் பெண்டாட்டி வரலட்சுமி நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க ஒரு பூவும் இல்ல அண்ணாத்தே. சீட்டுல தப்பு கீது. திருத்திடு, இன்னொருத்தன் போயிடப் போறான்."

மூன்றாம் நாள் போய்விட்டான். நான் திருத்தவில்லை. இன்னொரு தரம் கிழித்து ஒட்டினால் தாள் பாழாகிவிடும்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. சொல்லிவிட்டால் அந்த எண்ணிக்கை நிற்கும் என்று நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பூவைப் பற்றி நான் எழுதியதில் தப்பில்லை. தாளை வரவழைத்து எண்ணிப் பாருங்கள், ஐந்து இதழ் இருக்கும். ஐந்தாவதை அவன் கருமாதியன்று நான் பிசின் வைத்து ஒட்டினேன். உதிர்ந்ததை அதன் இடத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.