நனைந்த நாய் வாடை

மார்ஸலி: இன்னும் திருப்பலையா, டூகல்?

டூகல்: அவசரப்படாதே. நம்ம விஸ்கிக்கு பீட் மண்ணை எரிச்ச புகை வாசம் கடைசியிலதான் இறங்கும். புதுசா வேலைக்கு வந்தவ மாதிரி கேக்குற.

மார்ஸலி: புகைக்கு அப்புறம் என்ன இறங்கும்னும் தெரியும். மழையில நனைஞ்ச நாய் வாடை.

டூகல்: அந்த நாய் வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி கைப்பிடியைத் திருப்பி, கழிவைத் தனியா ஒதுக்குறவன் பேருதான் டூகல். ஆலை தொறந்து ஆறு வருஷம். ஒரு நாள் தப்பியிருக்கா?

மார்ஸலி: பீத்திக்காதே.

டூகல்: சரி... அந்தக் கம்பளித் துண்டை மூஞ்சியிலேர்ந்து எடேன்.

மார்ஸலி: எதுக்கு?

டூகல்: நீ பேசுறது கேக்கலை.

மார்ஸலி: இவ்வளவு நேரம் கேட்டுச்சே!

டூகல்: செப்புப் பானை ரெண்டும் கொதிக்குது. இந்தச் சூட்டுல துண்டு எதுக்குங்கிறேன்.

மார்ஸலி: படகுத்துறையில காத்து காதை அறுத்துச்சு. அதை விடு. இந்தா கிளாஸ், இப்பப் பிடிச்சது. மோந்து பாரு.

டூகல்: நீ முதல்ல.

மார்ஸலி: தினமும் நான்தான் முதல்ல. இன்னிக்கு நீ.

டூகல்: ம்... நல்லாருக்கு.

மார்ஸலி: நல்லாருக்குன்னா?

டூகல்: புகை... கொஞ்சம் உப்பு... கடல்பாசி...

மார்ஸலி: அது பாட்டில் மேல அச்சடிச்சு ஒட்டியிருக்கு. கிளாஸ்ல என்ன இருக்குன்னு கேட்டேன்.

டூகல்: துண்டை எடு, மார்ஸலி.

மார்ஸலி: ஒரு வாரம் அத்தனை பேர் பாடுபட்ட சரக்கு ஓடிக்கிட்டிருக்கு. சொல்லு.

டூகல்: எனக்கு... வாசம் தெரியலை.

மார்ஸலி: எதோட வாசம்?

டூகல்: எதோடதும். ஜனவரி காய்ச்சல்லேர்ந்து. ரொட்டி கருகினா, கண்ணால பாத்தாத்தான் தெரியுது.

மார்ஸலி: அப்ப இந்த நாலு மாசமா எப்படித் திருப்பினே?

டூகல்: உன் முகத்தைப் பாத்துத்தான். புகை நல்லா வர்றப்ப உன் இடது புருவம் லேசா ஏறும். கெட்டுப்போற நேரம் நெருங்கினா மூக்கு நுனி சுருங்கும். உடனே திருப்பிடுவேன்.

மார்ஸலி: அடப்பாவி!

டூகல்: சொல்லணும்னு தினமும் வாய் வரைக்கும் வரும். ஆனா மூக்கு போன ஆளை யாரு வச்சுப்பா? அடுத்த படகுல கிளாஸ்கோ போயி வேலை தேட வேண்டியதுதான். இந்தத் தீவை விட்டுட்டு நான்...

மார்ஸலி: திருப்பு.

டூகல்: என்ன?

மார்ஸலி: கைப்பிடியைத் திருப்புய்யா! இப்பவே!

டூகல்: ...திருப்பிட்டேன். சரியா இருந்துச்சா?

மார்ஸலி: இம்மி பிசகலை.

டூகல்: மூக்கைத் துண்டால மூடிக்கிட்டே எப்படிடி?

மார்ஸலி: கதவைச் சாத்தினாலும் எனக்குத் தெரியும். என் சட்டையில படகு டீசல் கொட்டின அன்னிக்கு, பக்கத்துல உக்காந்து நிம்மதியா மீன் சூப் குடிச்சியே... அன்னிக்கே உன் கதையும் தெரியும்.

டூகல்: தெரியுமா? அப்ப அந்தப் புருவம்...

மார்ஸலி: தானா அந்த உயரத்துக்கு ஏறுமாக்கும்! ராத்திரியெல்லாம் நெத்தி வலிக்கும் எனக்கு.

டூகல்: தெரிஞ்சுக்கிட்டே இன்னிக்கு ஏன் மூடினே?

மார்ஸலி: வியாழக்கிழமை அக்கரையில ஓபன் டவுன்ல மூக்கு டாக்டரைப் பாக்க உனக்கு நேரம் வாங்கியிருக்கேன். நீயா வாயைத் தொறக்காம எப்படிக் கூட்டிட்டுப் போறது?

டூகல்: எனக்காகவா, மார்ஸலி...

மார்ஸலி: அழாதே. கிளாஸ்ல கண்ணீர் விழுந்தா அதுவும் உப்பு வாசம்னு எழுதிடுவாங்க.

டூகல்: இப்படியொரு மூக்கை வச்சுக்கிட்டு நீ ஏன் இன்னும் ஊறல் தொட்டி கழுவிக்கிட்டிருக்கே? இந்த வேலைக்கு உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிடலையா?

மார்ஸலி: பிப்ரவரியிலேயே மேனேஜர் கூப்பிட்டாங்க. 'டூகல் இடத்துல நிக்கிறியா'ன்னு. சின்ன வயசுலேர்ந்தே எனக்கு எந்த வாசமும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.