சருகுமானின் குரல்

தானா ராத்தா மலைக்குளிரில் டீ சீக்கிரம் ஆறிவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் குடியுங்கள். நான் எங்கும் போய்விட மாட்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை எனக்குச் சோறு போட்டது, அவ்வளவுதான். உயிர் கார்ட்டூனில் இருந்தது. ஒரு சருகுமான் கதையை நான்கு வருஷம் படம் படமாக வரைந்து பிலிமில் ஏற்றினேன். மானுக்குக் குரல், கொழுந்து பறிக்கும் பவளம். அவள் பேசினால் மான் மூச்சு விடும். திங்கட்கிழமை படம் கோலாலம்பூர் போட்டிக்குப் போயாக வேண்டும். குரல் மட்டும்தான் பாக்கி.

ஞாயிறு மத்தியானம் பழைய ஸ்டோரில் பதிவு செய்தோம். சிமெண்டுச் சுவர். ஒவ்வொரு சொல்லும் மோதித் திரும்பி வந்தது. டேப்பில் ஏறிவிட்டால் எதிரொலியைப் பிரிக்க முடியாது, அறையிலேயே தீர்த்துவிட வேண்டும். ஜன்னல்களில் சாக்கு வைத்து ஆணியடித்தேன். இடுக்குகளில் கம்பளி திணித்தேன். அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆள் உடம்பு சத்தத்தை உறிஞ்சும் என்பதால், அவள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் எட்டுப் பேரையும் அவள் அண்ணன் சின்னையாவையும் அழைத்து உட்கார வைத்தேன். குளிரில் அவர்கள் பல் அடித்துக்கொள்வது மைக்கில் விழுந்தது. இரண்டு கரி அடுப்பு வைத்தேன்.

நான் வராந்தாவில் டேப் மெஷினோடு உட்கார்ந்து, கதவுக்கு வெளித்தாழ் போட்டேன். பாதியில் யாராவது எழுந்து போனால் பதிவு கெட்டுவிடும்.

முதலில் இருமல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பவளத்தின் குரல் அவ்வளவு சுத்தமாக வந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“கிராணி ஐயா, தலை சுத்துதுங்க. கதவத் தொறங்க லா.”

“இன்னும் ஒரு சீன்தாம்மா. படிச்சிரு.”

படித்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

சின்னையாதான் சாக்கைக் கிழித்து வராந்தா ஜன்னலில் தலையை நீட்டினான். காற்று உள்ளே போனது, எதிரொலியும் திரும்பிவிட்டது. சுத்தியல் பக்கத்திலேயே கிடந்தது. முதல் அடிக்கு அவன் ஜன்னல் சட்டத்தை விடவில்லை. மூன்றாவதில் மண்டை உள்வாங்கியது, விட்டான். உள்ளே தள்ளிவிட்டுச் சாக்கை மறுபடி அடித்தேன்.

கரி அடுப்பின் விஷம் எனக்குத் தெரியாது என்று எழுதிவிடாதீர்கள். மூடிய வீட்டில் வைக்காதீர்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னவனே நான்தான். தெரிந்துதான் திறக்கவில்லை. பதிவு முடிந்து திறந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை.

டேப்பை மட்டும் பத்திரமாக வையுங்கள், ஐயா. கடைசியில் பவளம் அம்மாவைக் கூப்பிடுகிற இடத்தை வெட்டிவிட வேண்டும். அது கதையில் இல்லை.