மூன்று வேட்பாளர்கள், ஒரு முகவரி

அளவுகோல் இல்லாமலே எனக்குக் கோடு நேராக வரும், ஐயா. அதனால்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்பாளர் ஒப்பீட்டுத் தாளை வாக்காளர் சங்கம் என்னிடமே ஒப்படைக்கிறது.

இம்முறை நகரமன்றத்துக்கு நின்றவர்கள் மூவர்: ஒப்பந்தக்காரர், மருத்துவர், என் தம்பி. தன்பால் இணையருக்கு வாடகை வீட்டை மறுக்கலாமா, மருத்துவமனையில் துணையின் அருகே இருக்க அவர்களுக்கு உரிமை வேண்டாமா என்று சங்கம் கேட்டது. ஒப்பந்தக்காரர் உரிமையே கூடாது என்றார், மருத்துவர் மழுப்பினார், என் தம்பி மனிதனாக நின்றான். அவன் பதிலைப் படித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்த அக்கா நான். பதினெட்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர். பிறகு அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கோடு குடிபோனான். ஊருக்கு அவர்கள் அறைத்தோழர்கள். உண்மையை என்னிடம் மட்டும் சொன்னான்.

"தேர்தல் முடியட்டும்க்கா, நானே ஊருக்குச் சொல்லிடுறேன். அதுவரைக்கும் உன்னோட இருக்கட்டும்."

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மெக்கானிக் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடி, "உங்க தம்பி மேடையெல்லாம் சமத்துவம் பேசுறாருக்கா. இங்க பாத்திரம் மட்டும் என் தலையில," என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு திரும்பிப் பூட்டைத் திறந்தபோது அந்தச் சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்டது.

ஒப்பீடு என்றால் நடுநிலை வேண்டும். ஒப்பந்தக்காரர் பெயரின் கீழே அவர் எடுத்த சாலை வேலைகளைக் குறித்தேன்; மருத்துவர் பெயரின் கீழே அவருடைய தனியார் மருத்துவமனையை. தம்பிக்கு மட்டும் வெற்றிடம் விட்டால் அது சலுகையாகாதா? அவன் யாரோடு, என்ன உறவில் வாழ்கிறான் என்று ஒரு வரி எழுதினேன். தெருவையும் கதவெண்ணையும் சேர்த்தேன். மற்ற இருவருக்கும் முகவரி தேவைப்படவில்லை.

நான்காயிரம் தாள்கள் வீடுவீடாகப் போயின. மூன்றாம் நாள் மாலை அந்தக் கதவைத் தட்டியவர்கள் கையிலும் ஒன்று இருந்தது. தம்பி அப்போது மேடையில் பேசிக்கொண்டிருந்தான். மெக்கானிக் மாடியிலிருந்து தவறி விழுந்ததாகச் சொன்னார்கள். ஆயுள் முழுதும் உயரத்தில் வேலை செய்தவர். தவறி விழக்கூடியவர் அல்லர். மருத்துவமனையில் உறவினர்களுக்கு மட்டுமே அனுமதி என்றார்கள். அவர் உயிர் பிரியும்வரை, இரண்டு நாள், தம்பி வாசலில் நின்றான்.

இப்படி நடக்கும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். கதவெண்ணை எழுதும்போதே தெரியும்.

அச்சகத்தில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் புகுத்திய வரி அது என்று தம்பி நம்புகிறான். நான் மறுக்கவில்லை. "நீ ஒருத்திதான்க்கா எனக்கு மிச்சம்," என்று பெட்டியோடு வந்து நின்றான். பழைய அறையில்தான் இருக்கிறான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். போகப் போகச் சரியாகிவிடுவான்.

ஆம், எழுதியது நான்தான். எங்கே கையெழுத்திட வேண்டும்? சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், ஐயா. அவன் வீட்டில் தனியாக இருக்கிறான். ஒருவரைத் தனியே விட்டுவிடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்குத் தெரியும்.