பொரிக்காத அப்பளம்

செங்கம் ரோட்டு வியட்நாம் ஓட்டலில் மாலை ஐந்து மணி. பக்கத்து மேசையில் நடுவயதுத் தம்பதி. கீரையும் வெள்ளரியும் வைத்துச் சுருட்டிய ஈரமான மெல்லிய அரிசிமாவுத் தாளை அந்த அம்மா விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“அப்பளத்தப் பொரிக்காமயே குடுத்துட்டாங்களே!”

“அது அப்படித்தான். சீக்கிரம் சாப்பிடு. பொழுது சாஞ்சா நீ தொடமாட்ட.”

“வெங்காயம், பூண்டு, கேரட்டு எதுவும் இல்லையே? நாம ஜைனருங்கன்னு சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன். உனக்குன்னு தனியா செஞ்சாங்க.”

அந்த அம்மா வேர்க்கடலைச் சட்னியில் தொட்டு ஒன்றைத் தின்றார். இன்னொன்றையும் தின்றார்.

“கல்யாணமாயி இருபத்தாறு வருஷத்துல, எனக்குன்னு இன்னொருத்தர் சமைச்சு இன்னைக்குத்தான் சாப்பிடறேன்.”

கணவர் சட்னிக் கிண்ணத்தை மனைவி பக்கம் நகர்த்தினார்.

“நாளைக்கு வேணா நான் சமைக்கறேன்.”

“ஐயோ, வேணாங்க,” என்றபடி அந்த அம்மா மூன்றாவதை எடுத்தார். “நாளைக்கும் இங்கயே வந்துடலாம்.”