ஆட்டத்துக்கு ஓர் ஆள்

இந்தத் தேநீரில் புதினா போதவில்லை, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. மம்தூஹ் இருந்தால் சொல்லியே இருப்பார்.

என் பெயர் வகீஹ். எகிப்தில் தமன்ஹூர் என் ஊர். பத்தொன்பது வருடமாக ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு மந்தூப் வேலை பார்க்கிறேன். விசா, லேபர் கார்டு, மெடிக்கல் என்று எல்லாருக்காகவும் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவன். எங்கள் இஞ்சினியர்கள் பாலம் கட்டுவார்கள். ஒரு விண்ணப்பம் கொடுக்கத் தெரியாது. பாஸ்போர்ட்டை என் கையில் திணித்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

மம்தூஹும் அப்படித்தான். அவரும் எகிப்துதான், மன்சூராக்காரர்; மண் பரிசோதனை இஞ்சினியர். வியாழன் தவறாமல் என் அறைக்குத் தாவ்லா ஆட வருவார், பகடை உருட்டிக் காய் நகர்த்தும் எங்கள் ஊர் ஆட்டம். பகடை உருளும்போது வாயும் சேர்ந்து உருளும். ஒருவரையொருவர் 'பாஷா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், எங்கள் ஊர்ச் செல்லப் பட்டம்.

"உன் காய் என்ன பாஷா, சர்க்கார் ஃபைலா? வச்ச இடத்துலயே தூங்குது."

"லஞ்சம் குடுத்துப் பாரு, எந்திரிக்கும்" என்பேன் நான்.

இதை எழுத வேண்டாம், ஐயா. விளையாட்டுப் பேச்சு.

போன வருடம் ஆட்குறைப்பில் அவர் வேலை போனது. அவர் விசாவை ரத்து செய்ததும் நான்தான். அது என் வேலை. அறுபது நாளுக்குள் புது விசா எடுக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கெட்டிக்காரர், மூன்றே வாரத்தில் ருவைஸில் வேலை பிடித்துவிட்டார். இங்கிருந்து நாலு மணி நேரம். இனி வியாழன் கிடையாது. அங்கேயும் ஒரு மந்தூப் இருந்தான்.

"உன்னய விட்டுட்டு அவன்ட்டயா குடுப்பேன்? வச்சுக்க பாஷா" என்று புது வேலைக் கடிதம், போட்டோ, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்தார்.

வைத்துக்கொண்டேன்.

"என்னாச்சு?" என்று கேட்பார். "இன்ஷா அல்லா, நாளைக்கு" என்பேன். இந்த ஊரில் அதை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. அறுபத்தொன்றாம் நாள், கம்ப்யூட்டர் கோளாறு, பாஸ்போர்ட் ஆபீஸில் மாட்டிக்கொண்டது, வெளியே தலை காட்டினால் பிடித்துவிடுவார்கள் என்று சொல்லி, என் அறைக்கே கூட்டிவந்துவிட்டேன். நல்ல கட்டில் அவருக்கு. நான் தரையில். விசா முடிந்து தங்கியவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, "அது பொறி பாஷா, நம்பாத" என்றேன். நம்பினார். அவர் மகள் கல்யாணத்தை என் போனில் இருவருமாகப் பார்த்தோம். கண் துடைக்க நான்தான் துணி எடுத்துக் கொடுத்தேன்.

பதினொரு மாதம், தினமும் ஆட்டம். ஒன்று மட்டும் குறை. பேச்சு நின்றுபோனது. என்னிடம் தோற்கவும் ஆரம்பித்தார். என் ஆட்டம் தேறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். தாவ்லாப் பெட்டியின் அடித்துணி பிரிந்திருந்ததாம்; தைக்க எடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டார். நேரே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். இந்த வெயிலில் தொப்பிகூட இல்லாமல்.

எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஒரே ஒரு விண்ணப்பம், ஐயா. அவரை ஊருக்கு அனுப்பும்வரை எங்கள் இருவரையும் ஒரே அறையில் வையுங்கள். மறுக்கமாட்டார். என்னை விட்டால் இங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்?