பூண்டிப் பல்லு நாப்பது

ஆக்ஸிலியா: என்னப்பா இது?

உபகாரம்: பல்லு தாயி. நாப்பது கேட்டியே, எண்ணிப் பாத்துக்க.

ஆக்ஸிலியா: இது பூண்டு.

உபகாரம்: பூண்டுப் பல்லு. நம்ம காட்டுல...

ஆக்ஸிலியா: நான் கேட்டது மனுசப் பல்லு. பூண்டியில நடந்த முகாம்ல டாக்டர் புடுங்குன பல்லு.

உபகாரம்: போன்ல நீ என்ன சொன்ன? புதுசாப் புடுங்குனது, சொத்தையில்லாதது, வேரு ஒடையாம நாப்பது பல்லுன்ன. பூண்டிக்காரன்ட்ட அப்படிச் சொன்னா எங்க போவான்? காட்டுக்குத்தான் போவான்.

ஆக்ஸிலியா: பெருமாள்மலை பஸ் ஸ்டாப்ல வச்சு என் உசிர வாங்காதீங்க. நாளைக்குக் காலையில லேப்ல கிருமி ரெடி. பல்லு இல்லன்னா மேடம் என் ஆராய்ச்சியைத் தூக்கி கூடப் படிக்கிற டிக்சனுக்குக் குடுத்துருவாங்க.

உபகாரம்: எது, போன மாசம் நீ ஆராய்ச்சிக்கு வச்சிருந்த பல்லையெல்லாம் கெடுத்தான்னியே, அவனுக்கா?

ஆக்ஸிலியா: ...ஆமா. அவனுக்குத்தான்.

உபகாரம்: ஏன், பூண்டுல கிருமி ஒட்டாதா?

ஆக்ஸிலியா: ரூட் கெனால் பண்றப்போ பல்லுக்குள்ள மருந்து ஊத்துவாங்கல்ல? அது பட்ட பல்லுல கிருமி கூடுதலா ஒட்டுதா, கொறைய ஒட்டுதான்னு பாக்கணும். ரசம் வைக்கப் போகலை.

உபகாரம்: கோவிச்சுக்காத...

ஆக்ஸிலியா: நர்ஸ் கேத்தரின் அக்கா போன் பண்ணாங்க. நாப்பது பல்லையும் டப்பாவுல போட்டு உங்க கையிலயே குடுத்தாங்களாம்.

உபகாரம்: எந்த டப்பா?

ஆக்ஸிலியா: அப்பா.

உபகாரம்: பூண்டுச் சாக்குக்கு அடியில கெடக்கு.

ஆக்ஸிலியா: இதென்ன, இம்புட்டு வெள்ளையா இருக்கு?

உபகாரம்: சேனாதிபதி பல்லு முச்சூடும் வெத்தலைக் கறை. நல்லசாமி பல்லு புகையிலை. காலேஜுக்குப் போற பல்லு... ஊரு மானம் என்னத்துக்காகும்? தொட்டி கழுவுற ப்ளீச்சிங் பவுடரக் கரைச்சு, ஒரே ஒரு நாள்...

ஆக்ஸிலியா: அந்த மருந்தே ப்ளீச்சுதான்ப்பா. நான் அளந்து, நிமிசம் பாத்து ஊத்தணும். ஏற்கெனவே ஊறுன பல்லை வச்சு நான் எதைப் போயி எதோட ஒப்பிட?

உபகாரம்: அப்ப பாதிச் சோலிய நான் முடிச்சிட்டேன்னு சொல்லு.

ஆக்ஸிலியா: வெளையாடாதீங்கப்பா.

உபகாரம்: சரி விடு. தொடாதீங்கன்னு கேத்தரின் அப்பவே சொல்லுச்சு. பூண்டக் காட்டுனா, வெவரமில்லாத மனுசன்னு நீ விட்டுருவன்னு பாத்தேன்.

ஆக்ஸிலியா: வெவரமில்லாத வீடுன்னு காலேஜே நம்ம மேல ஒட்டி வச்சிருக்கு. நீங்க வேற பசை தடவாதீங்க.

உபகாரம்: ஒங்க மேடத்துட்ட நான் பேசுறேன். தப்பு எம்மேலன்னு...

ஆக்ஸிலியா: வேணாம்.

உபகாரம்: ஒரு வார்த்தை தாயி...

ஆக்ஸிலியா: எது வேணாப் பேசுங்க. ப்ளீச்சு பேச்ச மட்டும் அவங்ககிட்ட எடுக்காதீங்க.

உபகாரம்: வெள்ளனேயே போன் போட்டு எடுத்துட்டேன். அடுத்த முகாம் வரைக்கும் டைம் குடுத்துருக்காங்க. டிக்சன் கெடுத்ததையும் சொன்னேனா, "டிக்சனா? போன மாசம் கறை போகட்டும்னு நாப்பது பல்லை ப்ளீச்சுல போட்டது உங்க மகதாங்க, உங்க குடும்பத்துக்கே இதுதான் தொழிலா"ன்னு கேட்டாங்க.